காத்து நிற்கும் கலை



புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பிள்ளைச்சாவடி என்றொரு மீனவர் ஊர் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் அவ்வூர்க் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தேன். கடல் அரித்தது போக எஞ்சியிருந்த சிறு மணற்பரப்பில் சிறுவர்கள் கோடு கிழித்துக் கிளித்தட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் கலைந்தபின் அவர்களுள் ஒருவன் என் அருகில் வந்து உட்கார்ந்தான். அவனோடு பேச்சுக் கொடுத்தேன். பள்ளியில் என்ன ஆட்டம் ஆடுகிறாய் என்று கேட்டேன். அவன் முகம் சற்றே வாடியது.

"பந்தாட்டம் ஆடுகிறேன் ஐயா. ஆனால் என்னை எப்போதும் பின்னால்தான் நிறுத்துகிறார்கள். முன்னால் நிற்பவன் கோல் போடுகிறான். எல்லோரும் அவன் பெயரைச் சொல்லிக் கை தட்டுகிறார்கள். நான் எத்தனை பந்தைத் தடுத்தேன் என்று யாரும் எண்ணுவதில்லை. ஒன்றை விட்டுவிட்டால் மட்டும் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். அடுத்த ஆண்டு நான் ஆடப்போவதில்லை" என்றான்.

நான் உடனே மறுமொழி கூறவில்லை. அவன் சொன்னதில் உண்மை இருந்தது. உண்மையான குறையை இரண்டு இன்சொற்களால் மூடிவிட முடியாது. அன்று சொல்லாமல் விட்ட விடையை இன்று உங்கள் முன்னிலையில் சொல்ல முயல்கிறேன். அதற்காக இரண்டு இளைஞர்களின் தொடக்க ஆட்ட வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் பனி உறையும் பின்லாந்து நாட்டவர். மற்றவர் நம் ஒடிசா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். இருவரும் பின்வரிசையில் நின்று காப்பவர்கள். இருவரும் 18 வயதிலேயே ஒலிம்பிக் விழாவில் தம் நாட்டுக்காக ஆடினார்கள்.

முதலில் பின்லாந்து இளைஞரைப் பார்ப்போம். அந்நாட்டில் குளிர்காலத்தில் ஏரியும் குளமும் இறுகிப் பாறைபோல் ஆகிவிடும். நம் பிள்ளைகள் மணலில் ஓடியாடுவதுபோல் அந்நாட்டுப் பிள்ளைகள் காலணியின் அடியில் எஃகுத் தகடு பூட்டிக்கொண்டு பனிக்கட்டியின்மேல் வழுக்கி ஓடுவார்கள். அவர்கள் பெரிதும் விரும்பும் ஆட்டம் பனிக்கட்டி ஹாக்கி. அதில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: கோல் காப்பவர் ஒருவர், பின்வரிசைக் காவலர் இருவர், முன்வரிசையினர் மூவர். பந்துக்குப் பதிலாக ரப்பரால் ஆகிய தட்டையான வட்டு ஒன்றை மட்டையால் தள்ளியும் அடித்தும் ஆடுகிறார்கள். கோல் வாயிலின் அகலம் 1.83 மீட்டர், உயரம் 1.22 மீட்டர்.

எதிரி வட்டைத் தள்ளிக்கொண்டு மின்னல்போல் வரும்போது அங்குள்ள காவலர் என்ன செய்கிறார் தெரியுமா? எதிரியின்மேல் பாய்வதில்லை. அவரைப் பார்த்தபடியே பின்னோக்கி வழுக்கிச் செல்கிறார். இருவருக்கும் இடையே உள்ள தூரத்தைக் கூடாமலும் குறையாமலும் காக்கிறார். எதிரியை நேர்வழியிலிருந்து சிறிது சிறிதாக ஓரத்துக்கு ஒதுக்குகிறார். அங்கிருந்து அடித்தால் கோல் வாயில் குறுகித் தெரியும். இவ்வளவும் சில நொடிகளில், பின்னோக்கி ஓடிக்கொண்டே, நிகழ வேண்டும்.

இக்கலையில் இளமையிலேயே தேர்ந்தவர் மீரோ ஹெய்ஸ்கனன். 1999ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் எஸ்போ நகரில் பிறந்தவர். 17 வயதில் ஹெல்சிங்கி நகரத்துச் சங்கம் ஒன்றின் சார்பில் அந்நாட்டின் முதல்தர ஆட்டங்களில் இறங்கினார். வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கிச் சங்கங்கள் ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரரை வரிசை முறையில் தேர்ந்தெடுப்பது வழக்கம். 2017ஆம் ஆண்டுத் தேர்வில் மூன்றாம் இடத்தில் இவரை டல்லாஸ் நகரத்துச் சங்கம் தேர்ந்துகொண்டது. புகழும் பொருளும் அழைத்தன; எனினும் அவர் அவ்வாண்டே அங்குச் செல்லவில்லை. மேலும் ஓர் ஆண்டு ஹெல்சிங்கியிலேயே ஆடினார். அவ்விடைக் காலத்தில்தான், 2018 பிப்ரவரியில், தென்கொரியாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்காகக் களம் இறங்கினார். பின்லாந்து காலிறுதியில் கனடாவிடம் ஒரே ஒரு கோலில் தோற்றுத் திரும்பியது. அவ்வாண்டு டல்லாஸ் சென்றவர், முதற் பருவத்திலேயே அணியின் 82 ஆட்டங்களிலும் ஆடினார். 19 வயதுக் காவலர் ஒருவர் ஓர் ஆட்டத்துக்குக்கூட விலக்கி வைக்கப்படாமல் பருவம் முழுவதும் நிலைத்து நின்றது எளிய செய்தி அன்று.

"அவர் செல்வ நாட்டவர், பயிற்சிக் கூடங்களும் சங்கங்களும் அவருக்கு உண்டு. நமக்கு என்ன உண்டு?" என்று உங்களுள் சிலர் கேட்கலாம். முறையான கேள்விதான். ஆகவே இரண்டாமவரிடம் வருவோம்.

ஒடிசாவின் வடமேற்கு மூலையில் சுந்தர்கட் என்ற மாவட்டம் இருக்கிறது. காடும் குன்றும் செம்மண்ணும் நிறைந்த பழங்குடி மக்களின் நாடு அது. அங்குச் சௌனமாரா என்ற சிற்றூரில், 1977ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் திலீப் திர்க்கி பிறந்தார். திர்க்கி என்பது ஒராவோன் பழங்குடியினரின் குலப்பெயர்களுள் ஒன்று. அம்மக்கள் பேசும் குடுக் மொழி, தமிழோடு ஒரே திராவிடக் குடும்பத்தில் பிறந்த மொழி. தொலைவில் இருந்தாலும் நமக்குச் சொல்லுறவு உடையவர்கள் அவர்கள்.

அப்பகுதியில் ஹாக்கி என்பது பள்ளிக்கூடத்தில் கற்றுத்தரும் ஆட்டம் மட்டும் அன்று. ஊர் வாழ்வின் ஒரு பகுதி. கடையில் வாங்கிய மட்டை இல்லாத பிள்ளைகள் மூங்கிலையோ வளைந்த மரக்கிளையையோ வெட்டிச் சீவி மட்டையாக்கிக்கொள்கிறார்கள். மூங்கில் வேர்க்கட்டையைச் செதுக்கினால் அதுவே பந்து. அறுவடை முடிந்த வயலே ஆடுகளம். ஊருக்கு ஊர் போட்டி நடக்கும். வென்ற அணிக்கு ஓர் ஆட்டுக்கடா பரிசு. மேடு பள்ளமான தரையில் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அத்தகைய தரையில் பந்தைத் தடுத்துப் பழகியவனுக்குக் கண்ணும் கையும் ஒருசேர விழித்திருக்கும்.

சுந்தர்கட் மாவட்டத்தின் பெருநகர் ரூர்கேலா. அதன் பகுதியாகிய பான்போஷில் அரசு நடத்தும் விளையாட்டு விடுதி ஒன்று உண்டு. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் தந்து ஹாக்கியும் பயிற்றும் இடம் அது. திலீப் திர்க்கி அவ்விடுதியில் பயின்றவர். வயலில் வளர்ந்த திறமைக்கு அங்கே ஒழுங்கு கிடைத்தது. திறமை ஊரில் பிறக்கலாம். அது ஊரோடு அழிந்துவிடாமல் காக்க ஒரு நிறுவனம் வேண்டும் என்பதற்குப் பான்போஷ் விடுதி நல்ல சான்று.

1995ஆம் ஆண்டு, அவர் இந்திய அணியில் இடம் பெற்றார். மறு ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் விழா. அப்போது அவருக்கு வயது 18. அணித்தலைவர் பர்கத் சிங். அவரும் பின்வரிசைக் காவலரே. அக்காலத்தில் உலகின் தலைசிறந்த காவலர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டவர். அத்தகைய ஒருவரோடு ஒரே அணியில், ஒரே வரிசையில் இடம் பெறுவது இளைஞர் ஒருவருக்குக் கிடைத்தற்கரிய பேறு அல்லவா? எனினும் அவ்விழாவில் இந்தியா எட்டாம் இடத்தையே பெற்றது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துப் பின்லாந்து இளைஞர் வெறுங்கையோடு திரும்பியதுபோலவே, 1996இல் திலீப்பும் வெறுங்கையோடு திரும்பினார்.

நண்பர்களே, தோற்ற அணியின் காவலருக்குத் துயரம் இருமடங்கு. முன்வரிசையினர் கோல் போடத் தவறினால், "வாய்ப்பு நழுவிற்று" என்பார்கள். பின்வரிசையினர் தவறினால், "அவன் விட்டுவிட்டான்" என்பார்கள். பிள்ளைச்சாவடிச் சிறுவன் கண்ட உண்மை இதுதான். இதை அறிந்தும் ஒருவர் தொடர்ந்து அதே இடத்தில் நிற்கிறார் என்றால், அவர் எதனால் நிற்கிறார் என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

1998 டிசம்பரில் பாங்காக் நகரில் ஆசிய விளையாட்டு விழா நடந்தது. புனேயை அடுத்த கட்கியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை அணித்தலைவர். திலீப் பின்வரிசையில். இறுதியாட்டத்தில் தென்கொரியாவும் இந்தியாவும் ஆளுக்கொரு கோல் போட்டுச் சமநிலையில் நின்றன. சமன்முறி அடிகளில் இந்தியா 4-2 என வென்றது. 1966க்குப் பின் ஆசிய விழாவில் இந்திய ஹாக்கி பெற்ற முதல் தங்கம் அது. முப்பத்திரண்டு ஆண்டுத் தாகம் தணிந்தது.

ஆனால் ஒரு காவலரின் உள்ளத்தை உரைத்துப் பார்த்த நாள் அதன்பின் வந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக். அணியின் பயிற்சியாளர் நம் தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன். 1980இல் மாஸ்கோ நகரில் இந்தியா ஸ்பெயினை 4-3 என வென்று எட்டாவது முறையாக ஒலிம்பிக் தங்கம் பெற்றபோது அணிக்குத் தலைமை தாங்கியவர். அவரும் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே நின்று ஆடியவரே. சிட்னியில் போலந்து நாட்டை வென்றால் அரையிறுதிக்குச் செல்லலாம் என்ற நிலை. அக்காலத்தில் ஆட்டம் 70 நிமிடம். 68 நிமிடம் வரை போலந்து ஒரு கோலும் போடவில்லை. இந்தியா 1-0 என முன்னணியில் இருந்தது. எஞ்சிய இரண்டு நிமிடத்துக்குள் போலந்து ஒரு கோல் போட்டுவிட்டது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அரையிறுதி வாய்ப்பு கைநழுவியது. இந்தியாவுக்குக் கிடைத்தது ஏழாம் இடம்.

அறுபத்தெட்டு நிமிடம் காத்ததை அன்று யார் நினைத்தார்கள்? கடைசி இரண்டு நிமிடமே எல்லோர் வாயிலும் இருந்தது. அந்த அணியின் பின்வரிசையில் திலீப் இருந்தார். அப்போது அவருக்கு வயது 22. ஆட்டத்தை விட்டுவிடக் காரணம் தேடும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? அவர் விடவில்லை. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைவராகச் சென்றார். அவ்வாண்டே அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நெதர்லாந்து நாட்டுச் சங்கம் ஒன்றிலும் தொழில்முறையில் ஆடினார். 2010இல் ஓய்வு பெற்றபோது இந்தியாவுக்காக அவர் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை 412. வென்ற நாளும் தோற்ற நாளும் அதனுள் அடக்கம்.

ஒன்றைக் கவனியுங்கள். ஹெய்ஸ்கனன் டல்லாஸ் செல்ல ஓர் ஆண்டு பொறுத்தார். திலீப் பாங்காக் தங்கத்துக்கு அட்லாண்டாவிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுத்தார். சிட்னியின் துயரத்தையும் பொறுத்தார். காவலரின் ஆட்டத்திலும் இதே பொறுமைதான் உயிர்நாடி. ஹாக்கித் திடலில் எதிரி பந்தோடு வரும்போது, முந்திப் பாய்கிற காவலரை அவர் ஒரு சிறு வளைவில் ஏமாற்றிக் கடந்துவிடுவார். மட்டையைத் தரையோடு தாழ்த்தி, உடலைக் கோலுக்கும் எதிரிக்கும் நடுவில் வைத்து, எதிரியின் மட்டையிலிருந்து பந்து சற்றே விலகும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருப்பவரே பந்தைப் பறிக்கிறார். கோல் வாயிலின் அகலம் 3.66 மீட்டர், தனி ஒருவரால் அதை அடைத்து நிற்க முடியாது. எதிரி அடிக்கக்கூடிய கோணத்தைக் குறுக்குவதுதான் காவலரால் இயல்வது. எஞ்சியதைக் கோல் காப்பவர் பார்த்துக்கொள்வார்.

இக்கலை நமக்குப் புதிது என்று எண்ணாதீர்கள். கிளித்தட்டில் மறிப்பவன் தன் கோட்டை விட்டு இறங்கக்கூடாது என்பதன்றோ விதி? இறங்கித் துரத்தினால் வழி திறந்துவிடும். கோட்டிலேயே நின்று, இடமும் வலமும் நகர்ந்து, எதிரி தவறும் வரை அவன் பொறுக்க வேண்டும். இன்னும் பழமைக்குச் சென்றால், நம் முன்னோர் போரைத் திணைகளாக வகுத்தபோது மதிலை வளைத்துத் தாக்குவதை உழிஞை என்றும், உள்ளிருந்து மதிலைக் காப்பதை நொச்சி என்றும் பெயரிட்டார்கள். புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித் திணையாகவே கூறுகிறது. தாக்குவோருக்கு ஒரு பூ இருந்ததுபோல் காப்போருக்கும் ஒரு பூ இருந்தது. சளி பிடித்தால் வெந்நீரில் இட்டு ஆவி பிடிக்கிறோமே, அந்த நொச்சியின் பூதான் அது. காத்து நிற்பது வீரத்தில் குறைந்தது என்று நம் முன்னோர் கருதவில்லை.

நம் நாட்டு ஹாக்கியின் வரலாறும் இதையே சொல்கிறது. 1928இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் இந்தியா தன் முதல் ஒலிம்பிக் ஹாக்கித் தங்கத்தைப் பெற்றது. தியான் சந்த் போட்ட 14 கோல்களை உலகம் இன்றும் பேசுகிறது. ஐந்து ஆட்டங்களில் இந்தியா 29 கோல் போட்டது. ஆனால் அந்த ஐந்து ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு எதிராக ஒரு கோல்கூட விழவில்லை என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அவ்வணியின் தலைவர் ஜெய்பால் சிங். இன்றைய ஜார்க்கண்ட் மாநிலப் பகுதியில் பிறந்த பழங்குடியினர், பின்வரிசைக் காவலர். இறுதியாட்டத்தில் அவர் ஆடவில்லையாயினும் அதற்கு முந்தைய ஆட்டங்களில் அணியை நடத்தியவர் அவரே. பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் பழங்குடி மக்களின் உரிமைக்காக வாதாடினார். 1975இல் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது பின்வரிசையில் மைக்கேல் கிண்டோ நின்றார், அவரும் பழங்குடியினரே. அந்த மரபில் வந்தவர் திலீப் திர்க்கி.

அந்த மரபு அவரோடு முடியவும் இல்லை. திலீப் பிறந்த அதே சௌனமாரா ஊரில் 1993இல் அமித் ரோகிதாஸ் பிறந்தார். திலீப்பைப் பார்த்தே ஹாக்கி மட்டையைக் கையில் எடுத்தவர். அவரும் பின்வரிசைக் காவலர். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள், டோக்கியோவில், இந்தியா ஜெர்மனியை 5-4 என வென்று 41 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் பதக்கம் பெற்றபோது அவ்வணியில் அவர் இருந்தார். மூன்று ஒலிம்பிக் விழாக்களில் ஆடியும் திலீப்பின் கைக்கு எட்டாத பதக்கம், அவர் ஊர்ப் பிள்ளை ஒருவரின் கழுத்தில் விழுந்தது.

பிள்ளைச்சாவடிச் சிறுவனுக்கு நான் சொல்ல விரும்பும் விடை இதில் இருக்கிறது. "தம்பி, நீ தடுத்த பந்தை யாரும் எண்ணவில்லை என்பது மெய்தான். ஆனால் யாரும் எண்ணவில்லை என்பதனால் அது நடவாமற் போய்விடவில்லை. நீ தடுத்த ஒவ்வொரு பந்தும் எதிரிக்குக் கிடைக்காமற் போன ஒரு கோல். முன்னால் நிற்பவன் போட்ட ஒரு கோல் வெற்றியாவதும் வீணாவதும் உன் கையில் இருக்கிறது. நீ ஒலிம்பிக் விழாவுக்குப் போவாய் என்று நான் சொல்லவில்லை. ஆயிரத்தில் ஒருவர்கூட அங்குப் போவதில்லை. ஆனால் உன்னைப் பார்த்து உன் தெருவில் ஒரு சிறுவன் கோட்டை விட்டு இறங்காமல் நிற்கக் கற்றுக்கொள்ளலாம். சௌனமாராவில் அப்படித்தான் நிகழ்ந்தது."

அவனிடம் மட்டும் பேசி முடித்துவிட்டால் என் கடமை பாதிதான் நிறைவேறும். மறுபாதி உங்களைப் பொறுத்தது. பள்ளி கல்லூரி ஆட்டங்களைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுகிறவர்கள் உங்களுள் இருப்பீர்கள். கோல் போட்டவர் பெயரை எழுதும்போது, அடுத்த வரியில் தடுத்தவர் பெயரையும் எழுதுங்கள். ஆட்டத்தின்போது ஒரு குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு, பின்வரிசையினர் எத்தனை முறை பந்தைத் தடுத்தனர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை உங்களையே வியக்க வைக்கும். அந்தத் தாளை ஆட்டம் முடிந்ததும் அவர்கள் கையில் கொடுங்கள்.

பிள்ளைச்சாவடிக்கு மீண்டும் செல்லும்போது நானும் ஒரு குறிப்பேட்டோடுதான் செல்லப்போகிறேன். அதற்குள் அவன் ஆட்டத்தை விட்டிருக்கமாட்டான் என்று நம்புகிறேன்.